நாளைக்கு நாம

கல்லூரிக் கையேட்டில் என் தாய்மொழியின் பெயர்
அயல்மொழி 1104.
தண்டர் பே, மூன்றாம் மாடி, ஏரியைப் பார்த்த அறை.
ஆறு மாணவர், ஆறு காதுபேசி.
அதில் ஒன்றுக்கு இடது காது கேட்காது,
முறைவைத்து மாட்டிக்கொள்வார்கள்.

நவம்பர் கடைசியில் இங்கே காலை எட்டுக்கும் விடிவதில்லை.
தூத்துக்குடியில் மாலை ஆறரை.
இரண்டு கரையிலும் விளக்கைப் போட்டுக்கொண்டுதான்
முகம் பார்க்கிறோம்.

திரையில் பேச்சியம்மாள்,
விலங்கியல், இரண்டாம் வருடம்.
கீழே தானாக ஓடும் எழுத்து
அவளை 'பீச்சி மால்' என்று அறிமுகப்படுத்தும்.
அவள் சிரிப்பாள்.
சிரிப்பை மட்டும் அது பிழையில்லாமல் எழுதும்.

அன்றைய பாடம் நாமும் நாங்களும்.
கேட்கிறவரை உள்ளே கூப்பிட்டால் நாம்,
வாசலோடு நிறுத்தினால் நாங்கள்.
பயிற்சிச் செயலிக்கு இந்தக் கவலை கிடையாது.
எதைத் தட்டினாலும் பச்சை டிக்,
ஒரு சின்ன மணியோசை.

ஈரோ லேத்தோனன் கேட்டான்:
"இரண்டும் சரியென்றால் எதற்கு இரண்டு?"

பன்னிரண்டு வருடமாக இந்த நாட்டில்
ஒற்றை 'வி'யை வைத்தே
எல்லாப் படிவமும் நிரப்பி வந்தவள் நான்.
பதில் சொல்ல வாயெடுக்கும்போது

"நாளைக்கு நாம" என்றாள் பேச்சி.

அங்கே மழை.
அப்படியே உறைந்துவிட்டாள்,
வாய் பாதி திறந்து,
இமை பாதி இறங்கி,
பின்சுவரில் ஒரு பல்லி,
அதுவும் பாதி வழியில்.

வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.
நாளைக்கு நாம என்ன?
பேசுவோம், என்றாள் ஹேஸல்.
சாப்பிடுவோம், என்றான் ஈரோ.
அவனுக்குச் சரியாக வருகிற வினை அது ஒன்றுதான்.

"என்னவோ செய்வோம். நாங்க என்று சொல்லவில்லையே,
நம்மையும் சேர்த்துக்கொண்டாள்."
ரேனா.
செப்டம்பரிலிருந்து அவள் வாயிலிருந்து வந்த
முதல் முழு வாக்கியம்.

"எங்களுக்கும் இரண்டு இருக்கிறது, மிஸ்.
கீனவிந்த். நீனவிந்த்.
அனிஷினாபே. அம்மாவுக்குத் தெரியாது, எனக்கும் வராது.
பஸ்ஸில் வரும்போது ஒலிப்பதிவு போட்டுக் கேட்கிறேன்."

பலகையில் எழுதச் சொன்னேன்.
நாமுக்கு நேரே ஒன்று,
நாங்களுக்கு நேரே ஒன்று.
நடுவில் ஆங்கிலம்,
ஒண்டிக்கட்டை.

மறுவகுப்புக்கு முன் செய்தி வந்திருந்தது.
"மேடம், கரண்டு போயிட்டு.
நாளைக்கு நாமக்கல்லுக்குப் போறேன்னு சொல்ல வந்தேன்.
அக்காவுக்கு வளைகாப்பு.
பிள்ளைகள்ட்ட சொல்லிருங்க."

சொல்லாமல் விட்டிருக்கலாம்.
இரண்டு நாள் அந்த ஒரு சொல்லில்
குடியிருந்த பிள்ளைகள்.
பெரிய திரையில் போட்டேன்.

மொழிபெயர்க்கும் எந்திரம் அந்த ஊரை
நடுவே பிளந்தது.
நாளைக்கு நாம் கல், என்று
ஆங்கிலத்தில் எடுத்துக் கொடுத்தது.

ஈரோ மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான்.
ரேனா ஜன்னலைக் காட்டினாள்.
எட்டே முக்கால். ஏரிக்கு அப்பால்,
மல்லாந்து படுத்துக் கல்லாகிப்போனவன் என்று
அவள் வீட்டில் சொல்கிற மலை
நெற்றி, மார்பு, முழங்கால் என
வெளிச்சத்துக்கு வந்துகொண்டிருந்தது.

"அந்த நாமில்
அவரும் சேர்த்திதானே, மிஸ்?"

யாரும் பேசவில்லை.
கை சும்மா இருக்காமல்
ஈரோ எதையோ தட்டிவிட்டான்.
பச்சை டிக்.
சின்ன மணியோசை.